‘ஃபிட் சார்’ என்ற பொய்

இந்த ஆண்டு விளையாட்டுக் கோட்டாவில் எங்கள் துறையின் பேஸ்பால் அணியில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். டெல்லியில் பிறந்த உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். பரவாயில்லை, அப்பாவோ அம்மாவோ படித்துக் காட்டட்டும். அவர்கள் காதிலும் விழ வேண்டிய சங்கதிதான்.

போன செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவனை யார் கவனிக்கப் போகிறார்கள், ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் உங்களில் ஒருவர் கேட்டுக்கு வெளியே ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, பனியனுக்குள் தோள்பட்டையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். ஐஸ் கட்டி கீழே விழுந்தது. ஷூவால் அதைச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டு, பல்லெல்லாம் தெரிய ஒரு “நமஸ்தே சார்.” மேனேஜர், எல்லாம் சரிதானே என்கிற மாதிரி, “சப் டீக்?” என்று கேட்டார். “ஃபிட் சார்!”

எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோப்பை வாங்கியது, பிரதிநிதியாகப் போனது என்று இனிப்பாக ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். இனிப்பெல்லாம் இப்போது கிடையாது.

நான் பிட்சர், அதாவது பேஸ்பாலில் பந்து எறிகிறவன், ஆனதே ஒரு அவமானத்தில்தான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். ஆறடி உயரம், நல்ல வேகம். ஆனால் பந்து போடும்போது முழங்கை மடங்கும். கிரிக்கெட்டில் அது குற்றம். பந்து வீசவில்லை, எறிகிறான் என்பார்கள். ஒரு மேட்சில் அம்பயர் ஒரே ஓவரில் நான்கு முறை நோ பால் கொடுத்தார். அதோடு என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, அதில் பந்தை எறியத்தான் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஒரு முகாமுக்குப் போனேன். அங்கே குற்றமாக இருந்தது இங்கே திறமை ஆகிவிட்டது. டெல்லியில் அந்த ஆட்டத்தைப் பற்றி அப்போது ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பந்து எறிவதற்காகச் சர்க்கார் சம்பளம் கொடுக்கும் என்று என் அப்பாவே நம்பவில்லை. வேலைக்கு எடுத்த ஆர்டரை மூன்று முறை வாங்கிப் படித்தார்.

ஒருவருக்கும் தெரியாது என்றேனே, வினையெல்லாம் அங்கேதான் இருந்தது. எங்கள் விளையாட்டு அதிகாரிக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பேஸ்பாலில் மாற்றாத வரைக்கும் ஒரே பிட்சர்தான், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிய வேண்டும். மனிதனின் தோளும் முழங்கையும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு மேட்ச் முழுக்க எறிந்தவனுக்குக் குறைந்தது நாலைந்து நாள் ஓய்வு வேண்டும். இது இன்றைக்கு உங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது. அன்றைக்கு எங்கள் அணியில் இதை அறிந்தவன் ஒரே ஒருவன், என் கேட்சர். ரோத்தக் பக்கத்து ஆள். நான் எறியும் பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பது அவன் வேலை. எந்தப் புத்தகமும் படித்தவனில்லை. என் கையைப் பற்றிய செய்தி முதலில் வந்து சேருவது அவன் கிளவ்வுக்குத்தானே, அதனால் தெரியும்.

நான் புரொபேஷனில் இருந்த இரண்டாவது வருஷம். துறைகளுக்கு இடையிலான போட்டி. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. சனிக்கிழமை ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் நானே எறிந்தேன். ஜெயித்தோம். வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் டம்ளரை வலது கையால் தூக்க முடியவில்லை.

என்னுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளை மத்திய சர்க்காரில் நிரந்தர வேலையில் இருந்தால் அந்த வீட்டை அவன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. நான் நிரந்தரமாவது விளையாட்டு அதிகாரி எழுதப்போகும் ஒரு பக்க ரிப்போர்ட்டில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் கற்பூராதித் தைலம் வாங்கிவந்து, சுடவைத்து, முழங்கையில் தேய்த்துவிட்டார். எத்தனை வருஷம் டெல்லியில் இருந்தாலும் அவர் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை.

“ஏல, வலிக்குன்னா வலிக்குன்னு அந்த ஆபீசர்ட்ட சொல்லிருல.”

“சொன்னா வீடு என்னப்பா ஆகும்?”

அவர் தைலத்தை இன்னொரு கை ஊற்றித் தேய்த்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் எந்த அப்பாவுக்கும் வாய் வராது.

ஞாயிறு காலை லைஃப்பாய் சோப்பைப் போட்டு அந்தக் கையை மூன்று முறை கழுவினேன். தைல வாசனை அதிகாரி மூக்குக்குப் போய்விடக்கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகள் செய்கிற தப்பு இதுதான். தைலத்தையும் தேய்த்துக்கொள்வோம், அதன் வாசனையையும் கழுவிக்கொள்வோம்.

மேட்ச் தொடங்கி நான்காவது இன்னிங்ஸில் கேட்சர் எழுந்து என்னிடம் நடந்து வந்தான். இந்தியில் மெதுவாகச் சொன்னான்: “பாயி, உன் பந்து கிளவ்ல விழுற சத்தம் மாறிருச்சு. கை போயிக்கிட்டிருக்கு. நிறுத்து.”

“உன் இடத்துக்குப் போ” என்றேன்.

“உன்கிட்ட ஏதோ மருந்து வாசனையும் வருது.”

“போடா” என்றேன். இதைத் தமிழில்தான் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது.

அவன் தன் இடத்துக்குப் போகவில்லை. அம்பயரிடம் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, நேராக ஷாமியானா பந்தலுக்கு, அதிகாரியிடம் போனான். இவன் கை சரியில்லை சார், பெஞ்சில் இன்னொரு பிட்சர் இருக்கிறான், மாற்றுங்கள் என்றான். பந்தலில் எங்கள் துறைப் பெரியவர்கள் எல்லோரும் மனைவி மக்களோடு சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினார்:

“க்யா பே, என்னடா மதராசி! கிரிக்கெட்ல ஒருத்தன் ஒரு நாளைக்கு இருபது ஓவர் போடறான். உனக்கு ரெண்டு நாள் எறிய முடியாதா? கை எப்படி இருக்கு? எல்லார் முன்னாலயும் சொல்லு!”

என் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். இரண்டு முறை சுழற்றினேன். கண்ணில் பூச்சி பறந்தது.

“ஃபிட் சார்!”

பந்தலில் கை தட்டினார்கள். அதிகாரி கேட்சர் பக்கம் திரும்பிச் சிரித்தார். “கேட்டியா? உனக்கு என்ன, எதிர் டீம்காரன் ஏதாவது வாங்கிக் கொடுத்தானா?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். திரும்பி வந்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து கிளவ்வை விரித்துக் காட்டினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் விரல் சைகையால் மெதுவான பந்தைத்தான் கேட்டான். அவமானப்பட்ட பிறகும் என் கையைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான் என்பது எனக்கு எத்தனையோ நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் அன்றைக்குப் பந்தலுக்குக் காட்ட வேண்டும் என்று வேகமாகவே எறிந்தேன்.

ஏழாவது இன்னிங்ஸில் முழங்கைக்குள் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதென்று நினைத்தேன். கேட்சருக்கும் கேட்டிருக்கிறது. பெஞ்சில் இருந்த இன்னொரு பிட்சர் வந்து அந்த இன்னிங்ஸையும் மீதி இரண்டையும் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் முடித்தான். அவனை முதலிலேயே இறக்கியிருந்தாலும் ஜெயித்திருப்போம்! கோப்பையோடு போட்டோ எடுக்கையில் அதிகாரி என் வலது தோளில்தான் கையைப் போட்டு நின்றார். அந்தப் போட்டோ ரொம்ப நாள் ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டியிருந்தது.

எனக்கு வேலை நிரந்தரமானது. வீடு என் பெயருக்கு மாறியது. அதற்குப் பிறகு நான் ஒரு முழு மேட்ச் எறிந்ததே இல்லை. எறிய முடியாத பிட்சரை என்ன செய்வது? டெஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார வைத்தார்கள். தபால் உறையில் முத்திரை குத்தினேன், இடது கையால். கேட்சரை ஒழுங்கீனம் என்று எழுதி அணியிலிருந்து நீக்கி, வெளியூர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். உண்மை பேசியவனைப் பொய்யனாக்கியது அந்த அதிகாரி அல்ல. நான். என் ‘ஃபிட் சார்’. அவன் போகிற அன்று ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. அவன்தான் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, “வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், ஐஸ் வை” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

இதுவரைக்கும் படித்துவிட்டு, பாவம் இந்த மனுஷன், அந்த அதிகாரி எப்பேர்ப்பட்ட அயோக்கியன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் இருபது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், யார் கிடைத்தாலும் அந்தக் கதையைச் சொல்லி அந்த ஆளைத் திட்டுவேன். திட்டத் திட்ட நான் உத்தமன் ஆகிக்கொண்டே வந்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவனின் யோக்கியதையை இனிமேல் கேளுங்கள்.

பிற்பாடு என்னையே அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். பெண்கள் அணியும் வந்திருந்தது. அதில் ஒரு பிட்சர், நம் தமிழ்ப் பெண். அப்பா ஒரு அமைச்சக அலுவலகத்தில் டிரைவர். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் எறிகிற பந்து கேட்சரின் கிளவ்வில் விழும்போது மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். நான் பார்த்த பிட்சர்களில் அவளுக்கு நிகராக ஒருவரும் இல்லை, நான் உட்பட. அவளும் புரொபேஷனில் இருந்தாள். வீட்டில் அவள் சம்பளம்தான் நிச்சயமான சம்பளம் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பாவே ஒருமுறை என்னிடம் வந்து, “நீங்க பார்த்துக்குவீங்கன்னு விட்டுட்டோம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. சனிக்கிழமை முழு மேட்சும் அவளே எறிந்தாள். ஞாயிறு காலை வார்ம்-அப்புக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். கற்பூராதித் தைலம் வாசனை வந்தது. அதோடு சோப்பு வாசனையும் வந்தது.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரில் அந்த வாசனையை அறிந்த மூக்கு என்னுடையது மட்டும்தான். அதை எதற்குக் கழுவுவார்கள் என்றும் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அன்றைக்கு எனக்குக் கேள்வித்தாளையே முன்கூட்டி அனுப்பிவைத்திருந்தார்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்கேம்மா வலிக்குது?” என்று கேட்டிருக்கலாம். அவளுடைய கேட்சரைக் கேட்டிருக்கலாம். கேட்காமலே இன்னொரு பெண்ணை இறக்கியிருக்கலாம், அந்த அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புது அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முன்னால், அணி மொத்தமும் பார்த்திருக்க, சத்தமாகக் கேட்டேன்:

“கை எப்படிம்மா இருக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். கையைத் தூக்கிச் சுழற்றினாள்.

“பில்குல் ஃபிட் சார். நான் போடறேன்.”

“ஷாபாஷ்” என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டேன்? என்னை யாரும் மிரட்டவில்லை. என் வீடு போகப்போவதில்லை, என் வேலையும் போகப்போவதில்லை. டெஸ்பாட்ச் செக்‌ஷனில் முத்திரை குத்திய அத்தனை வருஷத்துக்கும் ஈடாக எனக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. அவ்வளவுதான். என்னைக் கெடுத்த அதிகாரியாவது ஒன்றும் தெரியாமல் கெடுத்தார். நான் எல்லாம் தெரிந்து செய்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, நான் அந்த வேலி.

அவள் ஆறாவது இன்னிங்ஸில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மேட்சில் தோற்றோம். ஆபரேஷன் ஒன்று, பிறகு இன்னொன்று. கை தோள் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. நான் பார்க்கப் போனபோது, “சார், நீங்க கேட்டீங்க இல்ல? நான்தானே ஃபிட்னு பொய் சொன்னேன். மேரி கல்தி ஹை சார், என் தப்புதான்” என்றாள். என்னை ஓங்கி அறைந்திருந்தால் தேவலை.

பிள்ளைகளே, நான் கேட்டது கேள்வி அல்ல. புரொபேஷனில் இருக்கிறவரை அதிகாரி முன்னால் நிறுத்தி “கை எப்படி இருக்கு” என்று கேட்டால், அதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பழியை அவர் தலையிலேயே கட்டிவிடலாம். அதற்காகவே அப்படிக் கேட்கிறார்கள். நாளைக்கு உங்களில் யாராவது கேப்டனோ கோச்சோ ஆவீர்கள். அப்போது கையைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்கும் முன்னால் கேட்சரைக் கேளுங்கள். அவர் சொன்னதை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்காதீர்கள்.

ஐஸ் கட்டியைச் சாக்கடைக்குள் தள்ளியவருக்குத் தனியாக ஒன்று. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது கிழட்டுப் பேச்சு அல்ல. உங்கள் மேனேஜரிடம் நான் புதன்கிழமையே போய்ப் பேசிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அடுத்த மாதப் போட்டியில் அரையிறுதி எறிந்தவர் இறுதியில் எறியக்கூடாது என்று எழுதி வாங்க முயன்றேன். “பார்க்கலாம் சார்” என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ என்ன என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை மலரில் போடச் சொல்கிறேன். மேனேஜர் வீட்டிலும் தமிழ் படிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, நான் அந்த மைதானத்துக்குத் தினமும் வரத்தான் போகிறேன்.

என் பணி ஓய்வு விழாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஆபீஸ் ஹாலில் நாற்காலி போட்டு, எங்கள் டைரக்டர் பேசினார். துறையின் முதல் பிட்சர், எத்தனையோ பிள்ளைகளை உருவாக்கியவர் என்றார். பிறகு, அவர் உருவாக்கிய சிறந்த வீராங்கனையே அவருக்கு மாலை அணிவிப்பார் என்று அறிவித்தார்கள். அவள் அப்போது டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தாள். என்னுடைய பழைய மேஜைதான்.

கனமான சாமந்தி மாலை. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். இடது கை மேலே போயிற்று. வலது கை தோள் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“சார், ஜரா குனியுங்க. கை மேல வராது.”

குனிந்தேன். இன்னும் குனிந்தேன். என் தலை அவள் தோளுக்கும் கீழே வந்த பிறகுதான் மாலை கழுத்தில் விழுந்தது. “ஆறடி மனுஷனுக்கு எவ்வளவு பணிவு பாருங்கள்” என்று டைரக்டர் மைக்கில் சொன்னார். ஹால் முழுக்கக் கை தட்டினார்கள்.